பெங்களூரு அலுவலகத்துக்கு ஜி.பி.எஸ். நேர சர்வர் தேவையா? தேவை என்றால் எப்படி அமைப்பது?

கேட்டவர் பீன்யாவில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். ஆறு சர்வர்கள், அறுபதுக்கு மேல் கணினிகள், ஒரு சிசிடிவி பதிவுப் பெட்டி, கைரேகை வருகைப்பதிவு இயந்திரம். எல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. லாக்குகளை, அதாவது அவை எழுதும் நிகழ்வுப் பதிவுகளை, ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை என்று ஆடிட்டர் எழுதி வைத்துவிட்டார். செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெற்று எல்லாக் கணினிக்கும் தரும் ஜி.பி.எஸ். நேரப் பெட்டி ஒன்றை ஒரு விற்பனையாளர் சில லட்சத்துக்குக் காட்டுகிறார். நண்பரோ, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும் ஒரு ஜி.பி.எஸ். மாட்யூலும் சில ஆயிரத்தில் அதே வேலையைச் செய்யும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்களுக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்? அதை யாரிடம் நிரூபிக்க வேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் பணம் தண்டம்.

முதலில் துல்லியம். சாதாரணக் கணினியின் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் க்ரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை பிசகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் நாளைக்கு 86.4 மில்லி வினாடி. ஆக, 20 பங்கு என்றால் நாளைக்கு 1.7 வினாடி, 50 பங்கு என்றால் 4.3 வினாடி. டொமைனில், அதாவது ஒரு மைய சர்வர் நிர்வகிக்கும் குழுவில், சேராத பழைய விண்டோஸ் கணினி வாரத்துக்கு ஒரு முறைதான் நேரத்தைச் சரிபார்க்கும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு வினாடி ஓடிவிடும். எதனோடும் இணைக்காத வருகைப்பதிவு இயந்திரம் ஒரு வருடத்தில் பல நிமிடம் தள்ளிப்போவதும் இதே கணக்குதான். உங்கள் தொல்லை முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. இணையத்தில் உள்ள நல்ல என்.டி.பி. சர்வர்கள், அதாவது நெட்வொர்க் வழியாக நேரம் தரும் சர்வர்கள், நான்கைச் சரியாக அமைத்தாலே அலுவலகம் முழுவதும் சில மில்லி வினாடிக்குள் வந்துவிடும். லாக் ஒப்பிட அது தாராளம். இதற்கு ஜி.பி.எஸ். தேவையே இல்லை.

அப்படியானால் ஜி.பி.எஸ். எப்போது வேண்டும்? இணையம் அறுந்தாலும் நேரம் ஓட வேண்டும் என்றால். தொழிற்சாலை நெட்வொர்க்கை இணையத்திலிருந்து பிரித்து வைத்திருந்தால். ஒரு மில்லி வினாடிக்குக் கீழே போக வேண்டியிருந்தால். இணைய வழி நேரத்தில் தீர்க்க முடியாத ஒரு குறை உண்டு: கேள்வி போக எடுத்த நேரமும் பதில் வர எடுத்த நேரமும் சமம் என்று என்.டி.பி. வைத்துக்கொள்கிறது. பிராட்பேண்டில் போகும் வழியும் வரும் வழியும் சமமாக இருப்பது அரிது. அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே உங்கள் கடிகாரத்தின் பிழையாகிவிடும். எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் போகாது. உங்களிடமே ஒரு ஜி.பி.எஸ். இருந்தால் இந்தப் பிழை இருக்காது.

ஜி.பி.எஸ். மாட்யூல் இரண்டு தனித்தனிச் சங்கதிகளைத் தருகிறது. பலர் தடுமாறுவது இங்கேதான். ஒன்று, சீரியல் வழியாக வரும் எழுத்து வரி: இன்ன தேதி, இன்ன மணி, இன்ன வினாடி. இன்னொன்று, தனிக் கம்பியில் ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் எழும் மின் துடிப்பு. இதைப் பிபிஎஸ் என்பார்கள். வரி சொல்வது எந்த வினாடி என்பதை. துடிப்பு சொல்வது அந்த வினாடி எந்தக் கணத்தில் பிறந்தது என்பதை. நல்ல மாட்யூலில் துடிப்பின் ஏறுமுனை உண்மையான வினாடியிலிருந்து சில பத்து நானோ வினாடிக்குள் நிற்கும். வரியோ கணக்கீடு முடிந்து, சீரியல் வழியாக ஊர்ந்து, பல நூறு மில்லி வினாடி கழித்து வரும். 9600 வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துதான் போகும். மாட்யூல் வழக்கமாக அனுப்பும் ஏழெட்டு வரிகள் 450 எழுத்து என்றால், கடைசி எழுத்து வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட அரை வினாடி போயிருக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரிகளின் நீளம் கூடிக் குறையும். எனவே தாமதமும் ஆடும். துடிப்பு இல்லாமல் வரியை மட்டும் வைத்து நேர சர்வர் செய்தால் இணைய என்.டி.பி.யைவிட மோசமான கடிகாரம்தான் கிடைக்கும்.

எனவே எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மாட்யூல் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிபிஎஸ்ஸுக்கான கால், அதாவது கம்பி இணைக்கும் முள், வெளியே வந்திருக்கிறதா என்பது. மலிவாகக் கிடைக்கும் நீல நிற நியோ-6எம் பலகைகளில் நான்கு கால்கள்தான் இருக்கும்: மின்சாரம், தரை, அனுப்பு, பெறு. துடிப்பு பலகையில் உள்ள சிறு விளக்குக்கு மட்டும் போகும். அங்கிருந்து நுண்கம்பி ஒன்றைப் பற்றவைத்து எடுக்க வேண்டும். கை நடுங்காதவர் செய்யலாம். பென்டிரைவ் வடிவ யூஎஸ்பி மாட்யூல்களில் துடிப்பு வெளியே வராது. வந்தாலும் யூஎஸ்பி வழியாகக் கொண்டுபோனால் சாதாரண வேகத்தில் ஒரு மில்லி வினாடிக்கு ஒரு முறைதான் கணினி எட்டிப் பார்க்கும். நானோ வினாடித் துல்லியம் அந்த வாசலிலேயே போய்விடும். கொஞ்சம் செலவு செய்ய மனமிருந்தால் நேரத்துக்கென்றே செய்த நியோ-எம்8டி போன்ற ரகம் நல்லது. அதில் ஆன்டெனாவின் இடத்தை ஒருநாள் முழுக்கச் சராசரி எடுத்து நிலைநிறுத்திவிடலாம். அதன்பின் நான்கு செயற்கைக்கோள் தேவையில்லை, ஒன்று தெரிந்தாலே நேரம் ஓடும். மொட்டை மாடிக்குப் போக வழியில்லாமல் ஜன்னலோரம் ஆன்டெனா வைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் டெக் பார்க் கட்டடங்களின் உலோகப் பூச்சுக் கண்ணாடிக்குப் பின்னால் அதுவும் எடுபடாது.

கணினிக்கு ராஸ்பெர்ரி பை 4 போதும். பை 3-உம் அதற்கு முந்தியவையும் ஈதர்நெட்டை உள்ளே யூஎஸ்பி வழியாக ஓட்டுகின்றன. நெட்வொர்க் பக்கத்தில் தேவையில்லாத ஆட்டம். பை 4-இல் அந்தக் குறை இல்லை. ஆனால் மின்சாரம் போனால் நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரச் சில்லு பை 4-இல் கிடையாது. டிஎஸ்3231 சில்லு உள்ள சிறு பலகை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் நிற்கும். இல்லையென்றால் மின்வெட்டுக்குப் பிறகு பை பழைய தேதியோடு எழும். ஆன்டெனா செயற்கைக்கோளைப் பிடிக்கும்வரை சர்டிபிகேட்டுகள் செல்லாது என்று எல்லா மென்பொருளும் கூச்சலிடும். பெட்டியை யூபிஎஸ்ஸில் போடுவதைச் சொல்லவே வேண்டாம்.

ஆன்டெனாதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சமிக்ஞை தரையைத் தொடும்போது பின்னணி இரைச்சலைவிடத் தாழ்ந்திருக்கும். பெங்களூரு மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டரும் சின்டெக்ஸ் தொட்டியும் இல்லாத இடம் தேடுவது கஷ்டம். இரண்டும் வானத்தை மறைக்கும். தண்ணீர் இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும். தொட்டிக்கு மேலே உயரும்படி ஒரு மீட்டர் குழாய் நட்டு அதன் உச்சியில் ஆன்டெனாவை வையுங்கள். இடிதாங்கிக் கம்பியின் பாதுகாப்புக்குள் இருக்கட்டும், அதைவிட உயரமாகப் போகக் கூடாது. உள்ளேயே பெருக்கி உள்ள ஆன்டெனாவாக வாங்குங்கள். அதற்கான 3 முதல் 5 வோல்ட் மின்சாரம் மாட்யூலிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் போகும். நடுவில் பிரிப்பானோ, மின்னலிலிருந்து காக்கும் சர்ஜ் அரெஸ்டரோ வைத்தால் அது நேர்மின்சாரத்தைக் கடத்தும் வகைதானா என்று பாருங்கள். கடத்தாத ஒன்றை வைத்துவிட்டு மாட்யூலைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கும்.

ஆன்டெனாவோடு வரும் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபெலுக்கு மேல் தின்னும். ஐந்து மீட்டருக்கு ஒன்றும் ஆகாது, முப்பது மீட்டருக்கு உதவாது. கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்ஜி-6 மீட்டருக்குச் சுமார் 0.3 டெசிபெல்தான், முப்பது மீட்டரில் 9 போகும், பெருக்கி 26 அல்லது 28 தருவதால் மிச்சம் போதும். அது 75 ஓம், மாட்யூல் 50 ஓம் என்று பயப்பட வேண்டாம். நடைமுறையில் பிரச்சினை வராது. கேபிளில் சமிக்ஞை மீட்டருக்கு 4 முதல் 5 நானோ வினாடி தாமதமாகும். முப்பது மீட்டருக்கு நூற்றைம்பதுக்குள். உங்கள் தேவைக்கு அது தூசு. ஏப்ரல், மே மாங்காய் மழையோடு வரும் இடி தூசு இல்லை. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வாயுக்குழாய் வகை அரெஸ்டர் வைத்து, கட்டடத்தின் எர்த்தோடு தடித்த கம்பியால் குறுகிய வழியில் இணையுங்கள். இணைப்புகளின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப். நுழைவதற்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். மழைக்காலத்தில் மட்டும் சமிக்ஞை குறைகிறதென்றால் முதல் சந்தேகம் இணைப்புக்குள் ஏறிய நீர்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும்: மாடிப்படி முடியும் அறையில் பையையே வைத்துவிட்டு, ஆன்டெனாவுக்குக் குட்டிக் கேபிளும் கீழே சர்வர் அறைக்கு ஃபைபரும் போடுவது. ஃபைபரில் மின்னல் இறங்காது; இடி விழுந்தால் போவது பையோடு போகும், சுவிட்ச் பிழைக்கும். ஆனால் தகரக் கூரை போட்ட அறையாக இருந்தால் மதிய வெயிலில் க்ரிஸ்டல் நிலைகொள்ளாது. அங்கே இது வேண்டாம்.

இணைப்பு எளிது. மாட்யூலின் அனுப்பு கால் பையின் 10-ஆம் காலுக்கு, பெறு கால் 8-ஆம் காலுக்கு, தரை 6-ஆம் காலுக்கு, துடிப்பு 12-ஆம் காலுக்கு, அதாவது மென்பொருள் ஜிபிஐஓ 18 என்று அழைக்கும் காலுக்கு. எல்லாச் சமிக்ஞையும் 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். 5 வோல்ட் துடிப்பைக் கொடுத்தால் அந்தக் கால் போய்விடும். பூட் கட்டமைப்புக் கோப்பில் மூன்று வேலை: சீரியல் போர்ட்டை இயக்குவது, புளூடூத்தை அணைத்து நல்ல சீரியல் போர்ட்டை மாட்யூலுக்குத் திருப்புவது, பிபிஎஸ் ஓவர்லே என்ற அமைப்பு வரியில் 18 என்று கால் எண்ணைச் சொல்வது. சீரியல் கன்சோலை அணைக்க மறந்தால் பை தன் லாகின் வரிகளை மாட்யூலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்து பிபிஎஸ் கருவிகளை நிறுவி, சோதனைக் கட்டளையைப் பிபிஎஸ் 0 சாதனத்தின் மேல் ஓட்டுங்கள். வினாடிக்கு ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் மென்பொருளைத் தொடாதீர்கள். கம்பியைப் பாருங்கள், ஆன்டெனாவைப் பாருங்கள். பெரும்பாலான மாட்யூல்கள் செயற்கைக்கோளைப் பிடித்த பிறகுதான் துடிக்கும். சில பிடிக்காமலே துடிக்கும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அந்தத் துடிப்பு எந்த வினாடிக்கும் சொந்தமில்லை. ஆன்டெனாவைக் கழற்றி, துடிப்பு நிற்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் ஜிபிஎஸ்டி, க்ரோனி இரண்டும் போதும். ஜிபிஎஸ்டி சீரியல் வரிகளைப் படித்துப் பகிர்வு நினைவகத்தில் வைக்கும், கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் க்ரோனி அதை எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ்டியை ‘-n’ என்ற விருப்பக்குறியோடு தொடங்க வேண்டும். இல்லையென்றால் யாராவது கேட்கும்வரை அது மாட்யூலைத் திறக்காது, க்ரோனிக்கு ஒன்றும் வராது. க்ரோனியின் கோப்பில் இரண்டு நேர மூலங்கள்: சீரியல் வரியை ‘தேர்ந்தெடுக்காதே’ என்ற குறியோடும், துடிப்பைச் சீரியல் வரியோடு பூட்டியும் எழுதுங்கள். அப்போது வரி வினாடியின் எண்ணை மட்டும் சொல்லும், நேரத்தைத் துடிப்பு ஓட்டும். கூடவே இணைய சர்வர்கள் மூன்று நான்கு. ஒருநாள் ஓடவிட்டு, இணைய சர்வர்களோடு ஒப்பிட்டால் சீரியல் வரி எவ்வளவு பின்தங்குகிறது என்று புள்ளிவிவரத்தில் தெரியும். 0.12, 0.35, என்ன வருகிறதோ அதை ஈடுசெய்யும் எண்ணாக எழுதுங்கள். யாரோ இணையத்தில் எழுதிய எண்ணைப் படியெடுக்காதீர்கள். அது அவர்கள் மாட்யூலின் எண். தேவையில்லாத வரிகளை அணைத்து வேகத்தை 38400 அல்லது 115200 ஆக்கினால் தாமதமும் ஆட்டமும் குறையும். க்ரோனியின் மூலப் பட்டியலில் துடிப்பின் பக்கத்தில் நட்சத்திரக்குறியும், எட்டும் நிலை 377 என்ற எண்ணும் வந்தால் சரி. 377 என்றால் கடைசி எட்டு முறையும் பதில் வந்தது என்று பொருள்.

ஏதோ தப்பாக இருக்கிறது என்றால், எவ்வளவு தப்பு என்று பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக 18 வினாடி முந்தியிருந்தால், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் லீப் வினாடிக் கணக்கு சேரவில்லை. ஜி.பி.எஸ்.ஸின் சொந்த நேரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கி லீப் வினாடி சேர்க்காமல் ஓடுகிறது. 2017 ஜனவரி 1 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முன்னால் நிற்கிறது. கடைசி லீப் வினாடி நம் நேரப்படி அன்று அதிகாலை 5:29:60. இந்த 18 என்ற எண்ணும் செயற்கைக்கோள் செய்தியிலேயே வருகிறது, ஆனால் முழுச் செய்தி ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை பழைய மாட்யூல் தன் உள்ளே எழுதப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டிருக்கும். புதிதாகப் போட்ட மாட்யூல் 1, 2, 3 வினாடி தப்பாகச் சொல்லிக் கால் மணி நேரத்தில் தானே திருந்தினால் காரணம் இதுதான். திருந்தாமல் ஒரு வினாடியிலேயே நின்றால், சீரியல் வரியின் தாமதம் அரை வினாடியைத் தொட்டுத் துடிப்பு பக்கத்து வினாடியோடு பூட்டிக்கொண்டது என்று சந்தேகியுங்கள். சரியாக 100 மில்லி வினாடி என்றால் துடிப்பின் தவறான முனையை எடுத்திருக்கிறீர்கள். பல மாட்யூல்களில் துடிப்பின் அகலம் 100 மில்லி வினாடி, ஏறுமுனைதான் வினாடி, இறங்குமுனை அல்ல. ஐந்தரை மணி நேரம் என்றால் செயற்கைக்கோளை விடுங்கள்; எங்கோ ஓர் இடத்தில் இந்திய நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கட்டாயம் அதுதான். கிட்டத்தட்ட 19.6 வருடம் என்றால் வாரக் கணக்கு சுற்றிவிட்டது. ஜி.பி.எஸ். பழைய செய்தி வடிவில் வார எண்ணுக்குப் பத்து பிட்தான் ஒதுக்கியிருக்கிறது. 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யமாகும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் ஆனது, அடுத்தது 2038 நவம்பர். பழைய மாட்யூல்கள் தங்கள் மென்பொருளின் தேதியை வைத்து இதை ஊகிப்பதால், அந்த நாளில்தான் என்றில்லாமல் வேறு எந்த நாளிலும் தடுக்கி விழலாம். ஜிபிஎஸ்டியிலேயே 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில் இருந்த பிழையால் 2021 அக்டோபர் 24 அன்று தேதி 2002-க்குப் போனது. பழைய பையை அப்படியே விட்டுவைக்காமல் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் எதிலும் சேராமல் ஓரிரு மில்லி வினாடி மட்டும் ஆடினால் அது நெட்வொர்க்.

இதெல்லாம் சரியாக இருந்தால் என்ன கிடைக்கும்? மாட்யூலின் காலில் சில பத்து நானோ வினாடி. துடிப்பைக் கவனிக்கப் பை எடுக்கும் இன்டரப்ட் தாமதம் கழிந்து கணினிக் கடிகாரத்தில் சில மைக்ரோ வினாடி. கம்பி வழி நெட்வொர்க்கில் சாதாரணச் சுவிட்சுகளைத் தாண்டி அடுத்த சர்வரில் சில பத்து மைக்ரோ வினாடி, நெரிசல் இருந்தால் அதைவிடக் கூடுதல். வைஃபை லேப்டாப்பில் மில்லி வினாடிகள். மொட்டை மாடியில் அண்டாவால் ஊற்றினாலும் குழாயின் அகலத்துக்குத்தான் கீழே வரும். இதில் மாட்யூலின் எண் உறுதியானது. மற்றவை உங்கள் சுவிட்ச், நெரிசல், அறையின் வெப்பம் இவற்றைப் பொறுத்தவை என்பதால் அளந்துதான் நம்ப வேண்டும். பையின் மேல் ஏசியின் காற்று நேரே அடிக்காமல் ஒரு மூடி போட்டாலே அலைச்சல் கண்ணுக்குத் தெரியக் குறையும். எல்லா இயந்திரங்களும் ஒரு மைக்ரோ வினாடிக்குள் வேண்டுமென்றால் என்.டி.பி. போதாது, அதைவிட நுணுக்கமான நேர நெறிமுறையான பி.டி.பி.க்குப் போக வேண்டும்; நெட்வொர்க் கார்டும் சுவிட்சும் வன்பொருளிலேயே நேரம் குறிப்பவையாக இருக்க வேண்டும். பீன்யாவில் லாக் ஒப்பிடுவதற்கு அது வேண்டியதில்லை.

ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்று இணைய சர்வர்களை நீக்கிவிடாதீர்கள். நேர மூலம் ஒன்று மட்டும் இருந்தால் அது பொய் சொல்லும்போது மறுக்க ஆளில்லை. இரண்டு இருந்தால் எது பொய் என்று தெரியாது. மூன்றில் ஒன்று தவறினால் பிடிக்கலாம், நான்கு இருந்தால் ஒன்று செத்தாலும் அந்த வசதி நிற்கும். செயற்கைக்கோள் பொய் சொல்லாது என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரி 26 அன்று பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்தபோது தவறான எண் ஏற்றப்பட்டு, ஜி.பி.எஸ். ஒலிபரப்பிய பொது நேரம் சுமார் 13 மைக்ரோ வினாடி பிசகியது. உங்களுக்கு அது தெரிந்தே இருக்காது, ஆனால் தொலைத்தொடர்புக் கருவிகள் உலகெங்கும் அலறின. போலி சமிக்ஞை இன்னொரு பக்கம். 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டி அது நடந்ததை அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இணைய சர்வர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: கூகுளின் நேர சர்வர்கள் லீப் வினாடியை ஒரே அடியில் சேர்க்காமல் 24 மணி நேரத்துக்குப் பரப்பிச் சேர்க்கும். அவற்றை மற்றவற்றோடு கலந்தால் அந்த ஒருநாள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும். லீப் வினாடி முறையையே 2035-க்குள் நிறுத்திவைக்க 2022-இல் உலக அளவைகள் மாநாடு முடிவெடுத்துவிட்டது. அதுவரை விதி விதிதான்.

யாரிடம் நிரூபிப்பது என்ற இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை என்.ஐ.சி. என்ற தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்.டி.பி. சர்வர்களோடோ, அவற்றின் வழித்தொடர்பு உள்ள, அதாவது நேரம் அவற்றிலிருந்தே வந்தது என்று காட்டக்கூடிய, சர்வர்களோடோ இணைக்கச் சொல்கிறது. பல நாடுகளில் பரந்த அமைப்பு உள்ளவர்கள் வேறு நம்பகமான மூலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் இவற்றிலிருந்து விலகக் கூடாது. அதே உத்தரவுதான் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியில் உள்ள அந்த ஆய்வகம், ஜி.பி.எஸ். தருவதோ அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேரத்தை. இரண்டுக்கும் வித்தியாசம் நானோ வினாடிகளில்தான், ஆனால் உத்தரவு கேட்பது வழித்தொடர்பு. எனவே ‘எங்களிடம் ஜி.பி.எஸ். இருக்கிறது’ என்பது ஆடிட்டருக்கான பதில் ஆகாது. என்.ஐ.சி.யின் ‘சமய்’ என்று தொடங்கும் இரண்டு சர்வர்களையும் ஆய்வகத்தின் சர்வரையும் உங்கள் பையின் மூலப் பட்டியலில் சேருங்கள். க்ரோனியில் அளவீட்டு லாக்கை இயக்கி, ஒவ்வொன்றோடும் உள்ள வித்தியாசம் தினமும் பதிவாகும்படி வையுங்கள். நிரூபணம் அந்தக் கோப்புதான். இது கணினிக்காரனின் வாசிப்பு. உங்கள் நிறுவனத்துக்கு உத்தரவு எப்படிப் பொருந்துகிறது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பையை நிறுவுவதைவிட அலுவல் நிறைந்த வேலை மற்ற இயந்திரங்களைத் திருப்புவது. விண்டோஸ் டொமைன் இருந்தால் ஒவ்வொரு கணினியையும் தொட வேண்டாம். பிடிசி எமுலேட்டர் பொறுப்பு, அதாவது டொமைனின் தலைமைக் கடிகாரப் பொறுப்பு, வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரை மட்டும் பைக்குத் திருப்பினால் மற்றவை தாமாகப் பின்தொடரும். அது மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினி தரும் நேர ஒத்திசைவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கதைதான். நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். சிசிடிவி பெட்டியில் என்.டி.பி. முகவரியோடு இடைவெளியும் கேட்கும். 60 நிமிடம் போதும். கேமராக்கள் பெட்டியிடமிருந்து எடுக்கின்றனவா, தனியாக ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வருகைப்பதிவு இயந்திரங்கள் பல என்.டி.பி. அறியாதவை, அவற்றின் மென்பொருள் ஓடும் கணினியிடமிருந்து நேரம் வாங்கும். அந்தக் கணினி யாருடைய மேஜைக்கடியிலோ டொமைனில் சேராமல் கிடக்கும். உங்கள் நேர வித்தியாசத்தை நான் முதலில் தேடுவது அங்கேதான்.

ஜி.பி.எஸ். போல இந்தியா இயக்கும் நம் நாவிக்கைப் பயன்படுத்தலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதன் நேர மையம் உங்களுக்குப் பக்கத்தில் பியாலாளுவில்தான் இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் பேசுபவை. மலிவு மாட்யூல்கள் கேட்பது எல்1. எல்1-இல் பேசும் முதல் நாவிக் செயற்கைக்கோளான என்.வி.எஸ்-01 ஏவப்பட்டது 2023 மே 29-இல்தான். இப்போதைக்கு ஜி.பி.எஸ்.ஸோடு ஐரோப்பாவின் கலிலியோவையும் சேர்த்துக் கேட்கும் மாட்யூல் வாங்குவது நடைமுறை.

மீதி இருப்பது அந்த லட்சக்கணக்கான பெட்டி. அதற்கு நீங்கள் கொடுக்கும் பணம் துல்லியத்துக்கானது என்பதைவிட ஆன்டெனா போன பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கானது. பையின் க்ரிஸ்டல் வெப்பத்தால் ஒரு பங்கு நகர்ந்தாலே மணிக்கு 3.6 மில்லி வினாடி ஓடும். வெப்பம் மாறாத சிறு அடுப்புக்குள் வைத்த க்ரிஸ்டல் உள்ள பெட்டி ஒருநாள் முழுக்க மைக்ரோ வினாடிக் கணக்கில் நிற்கும், ருபீடியம் அணுக் கடிகாரம் இருந்தால் இன்னும் நன்றாக. இணையம் அறவே இல்லாத நெட்வொர்க், பி.டி.பி. தேவை, அல்லது நீங்கள் விடுப்பில் போனால் பையைத் தொட ஆளில்லாத நிலைமை, இவற்றில் ஒன்று இருந்தால் வாங்குங்கள். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: ஆன்டெனாவைக் கழற்றி 24 மணி நேரம் கழித்து எத்தனை மைக்ரோ வினாடி பிசகும் என்று எழுத்தில் தருவாரா, உள்ளே இருக்கும் மாட்யூலின் வாரக் கணக்கு எந்தத் தேதியில் சுற்றும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை வருடத்துக்கு, வெளியிலுள்ள என்.டி.பி. சர்வர்களோடு தன்னைத்தானே ஒப்பிட்டு எச்சரிக்குமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் எவ்வளவு விலையானாலும் பக்கத்தில் ஒரு பையையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன விவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தனித்தனி ஆன்டெனாவோடு இரண்டு பை, மூன்று இந்திய சர்வர்கள், தினமும் எழுதப்படும் லாக் ஆகியவை உங்களுக்குப் போதும்.